இடமாகச் சுற்றிய வட்டம்

காம்பஸ் முக்கால் சுற்று வந்திருந்தபோது ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியது. சாக்பீஸ் தூளும் மூக்குப்பொடியும் கலந்த வாசனை. நிமிர்ந்து பார்க்க அவசியமே இல்லை. எங்கள் கணக்கு வாத்தியார் தாண்டவராயன் சார்தான்.

"எப்படி சுத்துற, வசந்தா?"

"வட்டம் போடறேன் சார்."

"அது தெரியுது. எப்படி சுத்துறன்னு கேட்டேன். நம்ம ஊர்ல மலைய எப்படி சுத்துவாங்க?"

"வலமா சார்."

"நீ?"

"இடமா வருது சார்."

"வருதா? அதுவா வருதா?"

வகுப்பு சிரித்தது. சார் என் டெஸ்கிலிருந்த ரப்பரை எடுத்து அந்த முக்கால் வட்டத்தை அழித்தார். எச்சில் தொட்டு அழித்தார். தாளில் ஓட்டை விழுந்த பிறகுதான் கையை எடுத்தார்.

"இது வட்டமே இல்ல. வட்டம் மாதிரி இருக்கற வேற ஏதோ. இப்படியே போட்டுக்கினு இருந்தின்னா, காம்போசிட்டுக்கு உன் பேர எழுத மாட்டேன். தெரிஞ்சிக்கோ."

அந்தக் கடைசி வாக்கியம்தான் வலித்தது. ஓட்டையைப் பின்பக்கம் தாள் ஒட்டிச் சரி செய்துகொள்ளலாம்.

காம்போசிட் என்னும் மேல்ஜாதி

போன வாரம் இந்தத் தொடரில் என் ரெட்டைப் பின்னலைப் பற்றி எழுதியதில் என் தங்கைக்குக் கோபம். 'ஊருக்கெல்லாம் நம்ம வீட்டுப் பேனைப் பத்தி எதுக்குச் சொல்ற?' என்று போனில் சண்டை. அதனால் இந்த வாரம் கணக்கு. இதில் பேன் கிடையாது.

இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. எழுபதுகளில், மேல் வகுப்புக்குப் போகும்போது கணக்கை இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். காம்போசிட் மேத்ஸ், ஜெனரல் மேத்ஸ். காம்போசிட் படித்தால்தான் பிற்பாடு கல்லூரியில் கணக்கு, பாலிடெக்னிக், இன்ஜினியர் என்று எதையாவது நினைத்துப் பார்க்கலாம். ஜெனரல் படித்தால் கணக்குக்கு அதோடு கும்பிடு. பெண் பிள்ளைகளை யோசிக்காமல் ஜெனரலுக்குத் தள்ளுவார்கள். 'பால் கணக்கு பாக்க இது போதும்மா' என்று அன்பாகவே தள்ளுவார்கள்.

எனக்குக் காம்போசிட் வேண்டும். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் போட ஓர் ஓவர்சியர் வந்தார். ஜீப்பின் முன்பக்கத்தில் நீல நிறக் காகிதம் ஒன்றை விரித்தார். அதில் எங்கள் தெரு கோடு கோடாக இருந்தது. எதற்கும் வாயை மூடாத எங்கள் தெருப் பெரியவர்கள் அத்தனை பேரும் அந்தக் காகிதத்தின் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அப்படி ஒரு காகிதம் நானும் வரைய வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

அப்பாவுக்கு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், எடை போடும் வேலை. "ஜெனரல்னா என்ன கொறச்சல்? பாஸ் பண்ணா சரி" என்றார். அம்மா இன்னும் சுருக்கம். "அந்தாளு சொல்ற பக்கம் சுத்திட்டுத்தான் வாயேன்டி. உனுக்கு இன்னா நஷ்டம்?"

நஷ்டம் கையில் இருந்தது. நான் பிறவியிலேயே பீச்சாங்கைக்காரி. சாப்பாட்டுக்கு வலது கை என்பதை அம்மா கரண்டிக் காம்பால் பழக்கினாள். எழுத்துக்கு வலது கை என்பதை ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஸ்கேலால் பழக்கினார். காம்பஸ் என்ற ஒன்று பின்னால் வரும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. அது கைக்கு வந்ததும் நேராக இடது கைக்குப் போய்விட்டது. இடது கையில் பிடித்தால் வட்டம் இடமாகத்தான் போகும். வலது கைக்கு மாற்றினாலோ, தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டி போகலாம்.

சாரின் கண்

தாண்டவராயன் சார் கெட்டவர் இல்லை. அப்படி இருந்திருந்தால் எழுத இன்னும் சுலபமாக இருந்திருக்கும். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுவார். நெற்றி நிறைய விபூதி. மையம், ஆரம், விட்டம் எல்லாவற்றையும் மலையை வைத்தே சொல்லித் தருவார். மலை உச்சி மையம். சுற்றுப் பாதை பரிதி. அந்தப் பாதை சரியான வட்டம் இல்லை என்று நடந்து போகிற எருமைக்குக்கூடத் தெரியும். சாருக்குத் தெரியாது.

அவருடைய பெரிய நம்பிக்கை, போட்டு முடித்த வட்டத்தைப் பார்த்தே அது வலமாக வந்ததா, இடமாக வந்ததா என்று தன்னால் சொல்ல முடியும் என்பது. நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். ஒரு கண்ணை மூடுவார். நகை மதிப்பீடு செய்கிற ஆசாரியின் தோரணை. பிறகு உதட்டைப் பிதுக்கி, "இடம்" என்பார். அரை மார்க் போய்விடும்.

என் நோட்டைத் திறந்தால் எப்போதும் இடம்தான். ஒரு தடவை, சோதித்துப் பார்க்கலாம் என்று, என் சிநேகிதி மல்லிகாவை என் நோட்டில் வட்டம் போடச் சொன்னேன். அவள் நல்ல சோத்தாங்கைக்காரி, வலமாகத்தான் போட்டாள். சார் வெளிச்சத்தில் பிடித்தார், கண்ணை மூடினார்.

"இடம். திருந்தவே மாட்டியா நீ?"

மல்லிகா தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வட்டத்தைப் பார்க்கவே இல்லை, அட்டையில் இருந்த பேரைத்தான் பார்த்தார் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

குடையை மறந்தவர்

சாரை மட்டும் சொல்லி என்ன? எங்கள் ஊரே அப்படித்தான்.

மல்லிகா அடி அண்ணாமலைக்காரி. மலைக்குப் பின்புறம், சுற்றுப் பாதையிலேயே வீடு. அவளுடைய பெரியப்பா ஒரு தடவை மலை சுற்றக் கிளம்பி, நூறடி வந்த பிறகு டீக்கடையில் குடையை விட்டுவிட்டது ஞாபகம் வந்து நின்றார். கடை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கூப்பிட்டால் கடைக்காரர் கொண்டு வந்தே தந்திருப்பார். பெரியப்பா திரும்பவில்லை. திரும்பினால் இடமாக வந்தது ஆகிவிடும் அல்லவா? மலை முழுக்கச் சுற்றி, வழியில் மழையில் தொப்பலாக நனைந்து, பொழுது சாயும் நேரத்தில் அதே கடைக்கு வந்து குடையை வாங்கிக்கொண்டார். அப்போது மழை விட்டிருந்தது.

"பக்தின்னா அது" என்று ஊர் பேசியது. "ரெண்டு நாளு ஜொரத்துல கெடந்தாரு, அத யாரு சொல்றாங்க?" என்றாள் மல்லிகா.

இதே மல்லிகாதான் விட்டம் நடத்தும்போது எழுந்து நின்றாள். பெரிய கோயிலிலிருந்து அடி அண்ணாமலைக்கு மலை வழியாக நேர்கோடு போட்டால் அது விட்டம் என்று சார் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், மலைக்குள்ள எப்படி சார் பூந்து வர்றது?"

"கணக்குல பூரலாம்."

"அப்படி ஒரு வழி இருந்தா நான் தெனம் இவ்ளோ தூரம் நடக்க மாட்டேனுங்களே சார்."

அவளை வெளியே நிற்க வைத்தார். அவள் வெளியே நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்குள் கூம்பு

வட்டம் முடிந்து கன உருவங்கள் வந்தன. கோளம், உருளை, கூம்பு. எங்கள் பள்ளிக்கூடத்தில் இவையெல்லாம் மரத்தில் கடைந்து, வார்னிஷ் பூசி, ஒரு கண்ணாடி பீரோவில் இருந்தன. பீரோவுக்குப் பூட்டு. பூட்டுக்குச் சாவி தலைமை ஆசிரியர் அறையில். தொட்டால் வார்னிஷ் போய்விடும் என்று யாரையும் தொட விடமாட்டார்கள். வரிசையாக நின்று, பீரோ முன்னால் ஆளுக்குக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நகர வேண்டும். கற்பூரம் காட்டாததுதான் குறை.

கூம்பின் உச்சியை எலி கடித்திருந்தது. வருடக் கணக்காகப் பார்த்த பிள்ளைகள் எல்லோரும் கூம்புக்கு மேலே மொட்டையாகத்தான் இருக்கும் என்று நினைத்து, பரீட்சையில் அப்படியே வரைந்து வைத்தார்கள்.

"எதுக்கு பீரோவப் பாக்கறீங்க?" என்று சார் ஒருநாள் ஜன்னலைக் காட்டினார். "அதோ நிக்குது பாரு, ஆண்டவனே வெச்ச கூம்பு. நாளைக்கு எல்லாரும் மலைய வரைஞ்சிக்கினு வாங்க. அதுல ஆரம், உயரம், சாய்வு உயரம் மூணும் குறிக்கணும்."

நாங்கள் ஊருக்குள் இருப்பவர்கள். கிழக்கே இருந்து பார்த்தால் மலை ஓரளவு கூம்பு மாதிரி ஒற்றை உச்சியோடு நிற்கும். வரைந்து போனோம். மல்லிகா வேறு மாதிரி வரைந்து வந்தாள். ஒரு பெரிய உச்சி, பக்கத்தில் இன்னொன்று, இந்தப் பக்கம் ஒரு முண்டு. அதற்கு ஆரமும் உயரமும் குறிக்கப் படாத பாடு பட்டிருந்தாள்.

சார் நோட்டை எல்லோருக்கும் காட்டினார். "என்ன இது? ஒட்டகமா?"

"மலைதான் சார். எங்க வூட்டாண்ட இருந்து பாத்தா இப்படித்தான் சார் தெரியும்."

சார் கொஞ்சம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னார்:

"அப்போ உங்க வீடு தப்பான எடத்துல இருக்குது."

காம்போசிட்டுக்குக் கூப்பிட்டவர்களில் மல்லிகா பேர் இல்லை. கணக்கில் என்னைவிட அவள் கெட்டி. மனதிலேயே பெருக்கிச் சொல்லிவிடுவாள். ஒட்டகம் வரைந்ததற்காக ஜெனரல். அவளுக்காக வீட்டில் யாரும் வந்து கேட்கவில்லை, கேட்கலாம் என்றே அவர்களுக்குத் தெரியாது. எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இதை எழுதும்போது இன்னும் எனக்கு எரிகிறது.

மார்க் இருக்கு, வட்டம் இல்லை

என்னைக் கூப்பிட்டார்கள். மார்க்கை மறைக்க முடியவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. தலைமை ஆசிரியர் முன்னால், சார் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வட்டம் போட வேண்டும். வலமாக.

அந்த வாரம் முழுக்க வலது கையால் பழகினேன். வட்டம் தவிர எல்லாம் வந்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு வந்தது, முட்டை வந்தது. அழுகையும் வந்தது.

சனிக்கிழமை மல்லிகா வீட்டுக்குப் போனேன். தனக்குக் கிடைக்கவில்லை என்ற வருத்தத்தைக் காட்டாமல் எனக்குக் கேழ்வரகு அடை கொடுத்தாள். சிமெண்டுத் தரையில் நோட்டை வைத்துக்கொண்டு, கோபத்தில், என் பழைய கையாலேயே காம்பஸை அழுத்தி ஊன்றினேன். தரை வழவழப்பு. காம்பஸ் நின்றது, நோட்டு வழுக்கிக்கொண்டு அரைச் சுற்றுச் சுற்றிவிட்டது. தாளில் அழகாக அரை வட்டம்.

மல்லிகா அடையை வைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

"நீ இன்னாத்துக்குடி சுத்துற? நீ சும்மா இரு. நோட்டு சுத்தட்டும்."

நோட்டின் மூலையைப் பிடித்து அவளே அதே பக்கமாக, வலமாகத் திருப்பினாள். நான் காம்பஸை அசைக்காமல் பிடித்திருந்தேன். மீதி அரை வட்டமும் வந்து, நூல் பிசகாமல் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியர் அறை. அவருடைய டிபன் கேரியர் வந்து மேஜை மேல் உட்கார்ந்திருந்தது. வறுத்த கருவாட்டு வாசனை. அவர் கண் அங்கேயே இருந்தது.

"மார்க்கெல்லாம் இருக்குங்க சார்" என்றார் தாண்டவராயன் சார். "கைதான் சரியில்ல."

"போடும்மா ஒரு வட்டம். பாத்துடலாம்."

இடது கையால் காம்பஸை ஊன்றினேன். சார் வாயைத் திறப்பதற்குள் வலது கையால் நோட்டை மெல்ல வலமாகத் திருப்ப ஆரம்பித்தேன். மேஜை மேல் கண்ணாடி போட்டிருந்தார்கள், நல்லதாகப் போயிற்று. சார் குனிந்து பார்த்தார். காம்பஸ் அசையவில்லை, இடமாகப் போகிறது என்று பிடிக்க வழியில்லை.

"நோட்டுதான சார் சுத்துது" என்றார், குழம்பிப்போய்.

"எப்படி சுத்துது?" என்றார் தலைமை ஆசிரியர்.

"வலமாத்தான் சுத்துது."

"அப்புறம் என்னய்யா? மலை அசையாம நிக்குது, ஜனங்க சுத்துறாங்க. பொண்ணு முறைப்படிதான் செய்யுது. எழுதிக்கோ." கேரியரின் மூடியில் கை வைத்துவிட்டார்.

சாத்திரமே எதிர்க் கட்சிக்குப் போய்விட்டதால் சார் பேரை எழுதிக்கொண்டார். என் தலையில் தட்டிக்கொடுத்தார். "பாத்தியா, மனசு வெச்சா வலமா வருது."

வெளியே மல்லிகா நின்றிருந்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"கெடச்சிடுச்சி."

"பென்சிலு எப்பவும் போலத்தான போச்சி?"

எப்பவும் போலத்தான். நோட்டு வலமாகச் சுற்றினால், தாளைப் பொறுத்தவரை பென்சில் இடமாகத்தான் போகும். அந்தத் தாளில் ஓர் எறும்பு உட்கார்ந்திருந்தால் சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கும். அறைக்குள் எறும்பு எதுவும் இல்லாததால் எனக்குக் காம்போசிட் கிடைத்தது. சந்தோஷமாக இருந்தது. மல்லிகாவைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் பாதியாகிவிட்டது.

ஓர் அச்சுப்பிழை

அடுத்த வருடமும் தாண்டவராயன் சார்தான். ஒரே நீளக் கொட்டகை, நடுவில் மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் காம்போசிட், அந்தப் பக்கம் மல்லிகாவும் ஜெனரலும். "ஒழுங்கா இல்லன்னா தட்டிக்கு அந்தப் பக்கம் அனுப்பிடுவேன்" என்பது சாரின் புது மிரட்டல்.

ஒருநாள் கோண அளவைகள் ஆரம்பித்தார். புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார், இந்தத் தடவை மனதுக்குள். நானும் அந்த வரியைப் பார்த்தேன். கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாக, அதாவது இடமாக, அளந்தால் அது பிளஸ் கோணம். வலமாக அளந்தால் மைனஸ்.

திரும்பத் திரும்பப் படித்தேன். என் கை போகிற பக்கத்துக்கு உலகத்தில் யாரோ பிளஸ் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சார் தொண்டையைச் செருமினார்.

"அச்சுப்பிழை. மாத்திப் போட்டுட்டான். எல்லாரும் பேனா எடுங்க. பிளஸ் இருக்கற எடத்துல அடிச்சிட்டு மைனஸ்னு எழுதுங்க. மைனஸ அடிச்சிட்டு பிளஸ்னு எழுதுங்க."

வகுப்பு முழுக்கப் பேனாக்கள் கீறும் சத்தம். ஒருவராவது ஏன் என்று கேட்கவேண்டுமே. மாட்டார்கள். குடையை மறந்த பெரியப்பாவின் ஊர்தானே.

நான் பேனாவைத் திறக்கவில்லை. சார் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார். அதே மூக்குப்பொடி வாசனை.

"ஏன் அடிக்கல?"

தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிஷத்தில் போய்விடலாம். ஆனாலும் எழுந்து நின்றேன்.

"என் புக்குல சரியாத்தான் சார் அச்சாயிருக்கு."

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்து சட்டென்று அடங்கியது. சார் என் புத்தகத்தை வாங்கினார். அந்த வரியைப் படித்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். வேறு புத்தகமாக இருக்குமோ என்று உள்ளே முதல் பக்கத்தையும் பார்த்தார். அதே புத்தகம்தான்.

பின்வரிசையில் ஒரு பையன் மெல்லக் கேட்டான். "சார், பப்ளிக்ல எப்படி சார் எழுதறது?"

அதுதான் சாரைச் சாய்த்தது. பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர் எங்கேயோ மெட்ராஸிலோ மதுரையிலோ இருப்பார், அவருக்கு மலை தெரியாது, புத்தகம்தான் தெரியும்.

"பரீட்சைக்கு புக்குல இருக்கறபடியே எழுதுங்க" என்றார். பேனாக்கள் மறுபடி கீறின, அடித்ததை அடித்து.

சார் போர்டுக்குப் போனார். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு போட்டார். இப்போது ஒரு பிளஸ் கோணம் போட்டுக் காட்ட வேண்டும். சாக்பீஸ் பழக்கத்தில் வலமாகக் கிளம்பி, நின்றது. இடமாகத் திரும்பப் பார்த்தது, அப்படியும் போகவில்லை. காலமெல்லாம் மலை சுற்றிய புண்ணியத்தை ஒரு கோணத்துக்காக விட அவர் தயாராக இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்:

"வசந்தா, நீ வந்து போடு."

போனேன். சாக்பீஸை இடது கையிலேயே வாங்கினேன். நான் போட்டு முடிக்கிற வரைக்கும் சார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அந்த வருடம் முழுக்க எங்கள் வகுப்பில் பிளஸ் கோணங்களையெல்லாம் நான்தான் போட்டேன். மைனஸ் கோணங்களையெல்லாம் சார் தானே போட்டுக்கொண்டார்.